ஃபங்ஷனுக்குக் கொடுத்தது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று: அறிகுறி வாரியாகப் பிழை தேடல்

சி, சி++ புராஜெக்ட்டுகளும் கடைகளின் பழைய பில்லிங் புரோகிராம்களும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் மேஜைக்கு வரும்போது, கூடவே வரும் புகார் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். மார்க் ஒரு கட்டம் தள்ளி அச்சாகிறது. லேப்பில் ஓடியது வீட்டில் விழுகிறது, அதாவது பாதியில் நின்றுபோகிறது. எடை மெஷினின் டிஎல்எல்லை (மற்ற புரோகிராம்கள் கூப்பிடும் ஃபங்ஷன்கள் அடங்கிய விண்டோஸ் கோப்பு) கூப்பிட்டதும் புரோகிராமே மூடிக்கொள்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் ஒன்றுதான்: கூப்பிட்ட ஃபங்ஷன் ஆர்கியுமென்ட்டை (கொடுத்தனுப்பும் மதிப்பை) ஓரிடத்தில் ஒரு விதமாக வைத்தது, கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் வேறிடத்தில் வேறு விதமாக எடுத்தது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் கூட்ட பஸ்ஸில் பின்சீட்டுப் பணம் கைமாறி வரும்போது "ரெண்டு தவளக்குப்பம்" என்ற குரலும் கூடவே வர வேண்டும். நோட்டில் ஊர் எழுதியிருக்காது. ஸ்டாக்கிலும் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவகம்) ரெஜிஸ்டரிலும் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு இடங்கள்) கிடக்கும் பைட்டுகளும் அப்படித்தான். தாங்கள் முழு எண்ணா, தசம எண்ணா, முகவரியா என்று அவை சொல்வதில்லை.

உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். செலவில்லாத காரணம் முதலில், சிக்கலானது பின்னால்.

## எதையும் தொடும் முன்

கம்பைலர் ஜிசிசி என்றால் மைனஸ் டபிள்யூ-ஆல், மைனஸ் டபிள்யூ-எக்ஸ்ட்ரா, மைனஸ் ஜி மூன்றையும் சேர்த்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். வரும் வார்னிங்கைப் படியுங்கள். "வார்னிங்தானே அண்ணே, எர்ரர் இல்லையே" என்று சொல்லாத தம்பியை நான் பார்த்ததில்லை. ஆனால் இங்கே பேசப்போகும் பிழைகளில் பாதி அந்த வார்னிங்கிலேயே வரி எண்ணோடு கிடக்கும்.

புரோகிராம் 32 பிட்டா 64 பிட்டா, விண்டோஸா லினக்ஸா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 32 பிட் சி புரோகிராமில் ஆர்கியுமென்ட்டுகள் வழக்கமாக வலமிருந்து இடமாக ஸ்டாக்கில் ஏற்றப்படும். 64 பிட் லினக்ஸில் முதல் 6 முழு எண்களோ பாயிண்டர்களோ (முகவரிகள்) ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற ரெஜிஸ்டர்களில் போகும். தசம எண்கள் எக்ஸ்எம்எம்0 முதல் எக்ஸ்எம்எம்7 வரை தனி வரிசையில் போகும். இதற்கு மேல் மிஞ்சுவதுதான் ஸ்டாக்குக்கு. 64 பிட் விண்டோஸில் முதல் 4 மட்டுமே ரெஜிஸ்டரில். இந்த அளவு தெரிந்தால் போதும்.

## அறிகுறி: பிரிண்ட்எஃப் தப்பான எண்ணைக் காட்டுகிறது, அடுத்த எண்ணும் தள்ளிப்போகிறது

அதிகம் வருவது இதுதான். குப்பை என்று ஒதுக்காமல், என்ன எண் வருகிறது என்று பாருங்கள். அதிலேயே காரணம் இருக்கும்.

0, அதன்பின் 1074528256 வந்தால்: 32 பிட் புரோகிராமில் "%டி %டி" (முழு எண்ணாக அச்சிடு என்ற குறி) என்று எழுதி 3.5, 7 என்று கொடுத்திருப்பீர்கள். 3.5 ஸ்டாக்கில் 8 பைட் எடுத்துக்கொண்டது. முதல் %டி அதன் கீழ்ப் பாதியை எடுத்தது, அது 0. இரண்டாவது %டி மேல்பாதியை எடுத்தது, அதுதான் அந்தப் பெரிய எண். 7 அடுத்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது, அதை எடுக்க ஆளில்லை. முதல் %டியைத் தசம எண்ணுக்கான %எஃப் ஆக்கினால் இரண்டும் சரியாகும்.

அதே வரி 64 பிட் லினக்ஸில் முதலில் 7 காட்டி, அப்புறம் ஏதோ ஒரு எண் காட்டினால்: காரணம் அதேதான், இடம் மட்டும் வேறு. 3.5 எக்ஸ்எம்எம்0-வுக்குப் போய்விட்டது. முழு எண் வரிசையில் ஃபார்மட் வாசகத்துக்கு அடுத்து நிற்பது 7, ஆகவே முதல் %டிக்கு அது கிடைத்தது. இரண்டாவதற்கு ரெஜிஸ்டரில் முன்பு கிடந்தது ஏதோ கிடைத்தது. "வீட்டு மெஷினில் ஒரு விடை, லேப்பில் ஒரு விடை" என்ற புகார் பலவற்றுக்கும் இதுவே ஆணிவேர்.

டாஸ் காலத்துக் கம்பைலரான டர்போ சியில் -31072, பிறகு 1 வந்தால்: 100000 என்ற லாங் எண்ணை %டியால் அச்சிட்டிருக்கிறீர்கள். அங்கே இன்ட் 2 பைட், லாங் 4 பைட். கீழ்ப்பாதி குறி மாறி -31072 ஆனது, மேல்பாதி 1 ஆனது, அடுத்த மதிப்புக்கு வாய்ப்பே வரவில்லை. %எல்டி போடுங்கள். முடிந்தால் டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சியை ஓட்டுவதை விட்டுவிட்டு ஜிசிசிக்கு மாறுங்கள். தேர்வுக்கு அது வேண்டும் என்றால் தேர்வுக்கு மட்டும்.

லினக்ஸில் சரி, விண்டோஸில் மட்டும் பெரிய எண் வெட்டுப்படுகிறது என்றால்: 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். பெரிய தொகைக்கு லாங் லாங் எடுத்து %எல்எல்டி போடுங்கள்.

நீங்களே எழுதிய, எத்தனை ஆர்கியுமென்ட் வேண்டுமானாலும் வாங்கும் ஃபங்ஷனில் மட்டும் தப்பு என்றால்: அடுத்த ஆர்கியுமென்ட்டை எடுக்கும் விஏ-ஆர்கில் ஃப்ளோட் (4 பைட் தசம எண்) என்று கேட்டிருக்கிறீர்களா பாருங்கள். அப்படிப்பட்ட ஃபங்ஷனுக்கு ஃப்ளோட்டாக அனுப்பினாலும் அது டபுளாகவே (8 பைட் தசம எண்) போய்ச் சேரும். கேரக்டரும் ஷார்ட்டும் இன்ட்டாகப் போகும். வாங்கும் பக்கமும் அதையே கேட்க வேண்டும். இந்த வகை ஃபங்ஷனில் கம்பைலர் தானாகச் சரிபார்க்காது, ஃபார்மட் ஆட்ரிபியூட் சேர்த்தால்தான் பார்க்கும்.

இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவையே இல்லை.

## அறிகுறி: ஒரே புரோகிராம், கம்பைலருக்குக் கம்பைலர் வேறு வரிசையில் எண் தருகிறது

பிரிண்ட்எஃப்புக்குள் ஐ++ இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறதா? அதுதான். வேலைத் தேர்வுக்கான வினாத் தொகுப்புகளில் இதற்கு ஒரே விடையைப் போட்டு, "வலமிருந்து இடமாக ஏறுவதால்" என்று விளக்கமும் எழுதியிருப்பார்கள். டர்போ சியில் அப்படி வந்தது உண்மை. ஆனால் ஸ்டாக்கில் ஏற்றும் வரிசை வேறு, கணக்கிடும் வரிசை வேறு. ஆர்கியுமென்ட்டுகளை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று சி மொழி கட்டளையிடவில்லை. ஒரே வரியில் ஒரே மாறியை இரண்டு தடவை மாற்றினால் எந்த விடைக்கும் அது பொறுப்பேற்காது. ஐ++-களைத் தனித்தனி வரியில் எழுதிவிட்டுப் பிறகு அச்சிடுங்கள். நேர்முகத்தில் கேட்டால் இதையே சொல்லுங்கள். கேட்பவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் மதிப்பார்.

## அறிகுறி: ஃபங்ஷனுக்குள் மாறுகிறது, வெளியே வந்தால் பழைய மதிப்பே

போனது நகல். ஸ்வாப் ஃபங்ஷனுக்கு ஏ, பி என்று கொடுத்தால் அது தன் நகல்களை மாற்றிக்கொண்டு முடிந்துவிடும். முகவரியை அனுப்புங்கள்.

முகவரி அனுப்பியும் மாறவில்லையா? ஃபங்ஷனுக்குள் மாலாக் போட்டு (புது நினைவகம் வாங்கி) அந்தப் பாயிண்டரிலேயே வைத்தீர்களா என்று பாருங்கள். பாயிண்டரும் நகலாகத்தான் போகிறது. பாயிண்டரின் முகவரியை அனுப்ப வேண்டும், அல்லது புதிய பாயிண்டரை ரிட்டர்ன் செய்ய வேண்டும். பைதான்காரர்களுக்கும் இதில் ஒரு கிளை உண்டு: லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்தால் வெளியே தெரியும், அதே பெயருக்குப் புது லிஸ்ட்டை வைத்தால் தெரியாது.

## அறிகுறி: பத்து மார்க் கொடுத்தால் முதல் இரண்டை மட்டும் கூட்டுகிறது

ஃபங்ஷனுக்குள், பைட் அளவு சொல்லும் சைஸ்ஆஃப் போட்டு அரேயின் நீளத்தைக் கண்டுபிடிக்கிறீர்கள். அரே முழுதாக வருவதில்லை, முகவரி மட்டுமே வருகிறது. 64 பிட்டில் முகவரி 8 பைட், இன்ட் 4 பைட், வகுத்தால் 2. நீளத்தைத் தனி ஆர்கியுமென்ட்டாக அனுப்புங்கள். வேறு காரணம் கிடையாது.

## அறிகுறி: ஃபங்ஷனைக் கூப்பிட்ட உடனே விழுகிறது, உள்ளே முதல் வரி கூட ஓடவில்லை

பிழை தேடும் கருவியான ஜிடிபியில் ஓட்டி, விழுந்ததும் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கு) கேளுங்கள். அங்கிருந்து பாதை பிரியும்.

ஒரே ஃபங்ஷன் பெயர் ஆயிரக்கணக்கில் அடுக்கி நின்றால்: தன்னைத் தானே கூப்பிடுவது நிற்கவில்லை. நிறுத்தும் நிபந்தனையைப் பாருங்கள். குறிப்பாக, ஃபாக்டோரியலுக்கு 0-வும் மைனஸ் எண்ணும் கொடுத்துப் பாருங்கள். பைதானில் 1000 ஆழம் இயல்பான வரம்பு, ரிகர்ஷன் எர்ரர் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். வரம்பைக் கூட்டும் கட்டளையை உடனே தேடாதீர்கள். நிபந்தனை தப்பாக இருந்தால் பெரிய எண்ணிலும் விழத்தான் போகிறது.

பெயர் ஒன்றிரண்டே நின்றால்: உள்ளே பெரிய அரே இருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் ஸ்டாக் வழக்கமாக 8 எம்பி. யுலிமிட் மைனஸ் எஸ் என்று அடித்தால் 8192 என்று காட்டும். விண்டோஸில் இயல்பாக 1 எம்பிதான். 1000க்கு 1000 இன்ட் அரே 4 எம்பி: லினக்ஸ் லேப்டாப்பில் ஓடும், கல்லூரி விண்டோஸில் விழும். 1500க்கு 1500 என்றால் 90 லட்சம் பைட், இரண்டிலும் விழும். ஸ்டாட்டிக் என்று முன்னால் போடுங்கள் அல்லது மாலாக்கில் வாங்குங்கள். ஸ்டாக் அளவையே கூட்டுவது கடைசி வழி.

ஸ்கேன்எஃப் பெயர் மேலே நின்றால்: மாறியின் பெயருக்கு முன் & விட்டுப்போயிருக்கிறது. மாறியில் கிடந்த ஏதோ எண்ணை முகவரி என்று நம்பி அது அங்கே எழுதப் போனது.

ஆர்டுயினோ தானாக ரீசெட் ஆனால்: ஊனோ ஆர்3 போர்டில் மொத்த ரேமே 2 கேபி. பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டைக்கு சென்சார் வைக்கும் புராஜெக்ட்டுகளில் இதைப் பார்க்கலாம்: மேஜையில் ஒரு சென்சாரோடு ஓடும், எஸ்எம்எஸ் அனுப்பும் ஃபங்ஷனைச் சேர்த்ததும் சுற்றிச் சுற்றி ரீசெட் ஆகும். அந்த ஃபங்ஷனுக்குள் பெரிய கேரக்டர் அரே இருக்கும். ஸ்டாக் கீழே இறங்கி மற்ற மாறிகள் மேல் ஏறிவிடும். அரேயைச் சுருக்குங்கள். அச்சிடும் வாசகங்களை எஃப் மேக்ரோவுக்குள் போட்டால் அவை ஃபிளாஷிலேயே தங்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் பெரிய ரேம் உள்ள போர்டுக்கு மாறுவது மலிவு. ஏரியேட்டரை இயக்கும் ரிலே அதே போர்டில் இருந்தால், குட்டையில் வைத்துச் சோதிக்காதீர்கள். போர்டைக் கழற்றி, ஏரியேட்டரைக் கையால் ஓட விட்டுவிட்டு, எம்பெடட் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். இரவில் ஏரியேட்டர் நின்றால் நஷ்டம் உங்களுடையது அல்ல, குட்டைக்காரருடையது.

## அறிகுறி: ஃபங்ஷன் முழுதாக ஓடி முடிந்து, திரும்பும்போது விழுகிறது

"ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்" என்ற செய்தி வந்தால் உங்களுக்கு நல்ல காலம், காரணத்தைக் கம்பைலரே சொல்லிவிட்டது. உபுண்டுவின் ஜிசிசி இந்தக் காவலை இயல்பாகவே போட்டுத் தரும். செய்தி வராமல், பேக்ட்ரேஸில் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்: உள்ளே ஒரு அரே நிரம்பி வழிந்து, திரும்பிப் போகும் முகவரியை அழித்துவிட்டது.

முதலில் பார்க்க வேண்டியது பெயர், ஊர், முகவரி வாங்கும் அரேக்கள். தமிழில் வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். ஊருக்கு 20 பைட் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறியீடுகள். "கடலூர்" 6 குறியீடு, 18 பைட், முடிவுக் குறியோடு 19. உள்ளே அடங்கிவிடும், சோதனையில் ஜோராக ஓடும். "புதுச்சேரி" 30 பைட், வழிந்துவிடும். "திருப்பாதிரிப்புலியூர்" கண்ணுக்கு 11 எழுத்து, உள்ளே 22 குறியீடு, 66 பைட். இதே ஊரை ஆங்கில எழுத்தில் அடித்தால் 18 பைட்டில் முடிகிறது. ஆகவே ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு "என் புரோகிராமில் தப்பே இல்லை" என்று சொல்பவர்களிடம் நான் தட்டச்சு செய்யச் சொல்வது இந்த ஊரைத்தான்.

வழி: கெட்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு எஃப்கெட்ஸ் போடுங்கள். எஸ்டிஆர்காப்பி, எஸ்பிரிண்ட்எஃப் இருக்கும் இடங்களில் அளவு கேட்கும் எஸ்என்பிரிண்ட்எஃப் போடுங்கள். ஆனால் அளவை வைத்து வெட்டினால் தமிழ் எழுத்து நடுவில் அறுபடும். அரேயைத் தாராளமாக 200 பைட் என்று வையுங்கள்.

எந்த அரே என்று தெரியவில்லையா? மைனஸ் எஃப்-சானிடைஸ் சமம் அட்ரஸ் என்ற ஃபிளாக்கோடு கம்பைல் செய்து ஓட்டுங்கள். வழிந்த வரியை எண்ணோடு காட்டிவிடும். விழும் வரியும் வழிந்த வரியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதால், இந்த ஃபிளாக் இல்லாமல் கண்ணால் தேடுவது வீண் வேலை.

## அறிகுறி: ரிட்டர்ன் ஆன வாசகம் முதலில் சரி, அப்புறம் கலைகிறது

உள்ளூர் அரேயின் முகவரியை ரிட்டர்ன் செய்கிறீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் அடுத்த ஃபங்ஷனுக்குச் சொந்தம். ஒரு பிரிண்ட்எஃப் போட்டாலே மேலெழுதப்படும். கூப்பிடுகிறவரே அரேயையும் அதன் அளவையும் கொடுக்கட்டும், ஃபங்ஷன் அதில் நிரப்பட்டும்.

## அறிகுறி: இன்னொரு கோப்பில் இருக்கும் ஃபங்ஷன் மட்டும் குப்பை தருகிறது

வட்டி கணக்கிடும் ஃபங்ஷன் ஒரு கோப்பில், கூப்பிடுவது இன்னொரு கோப்பில், நடுவில் அறிவிப்பு இல்லை. பண்ருட்டி முந்திரி மண்டிகளின் பழைய கணக்குப் புரோகிராம்கள் இப்படி வரும். ஃபங்ஷன் இரண்டு டபுள் வாங்கும். நீங்கள் 1000, 2 என்று கொடுத்தீர்கள். அறிவிப்பு இருந்தால் கம்பைலர் அவற்றை டபுளாக்கி எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களில் வைத்திருக்கும். இல்லாததால் முழு எண் ரெஜிஸ்டர்களில் வைத்தது. ஃபங்ஷன் எக்ஸ்எம்எம்மில் தேடியது.

ஹெடர் கோப்பில் அறிவிப்பை எழுதி இரண்டு பக்கமும் சேருங்கள். 1999-ன் சி தரத்திலேயே அறிவிப்பில்லாமல் கூப்பிடும் வழக்கம் நீக்கப்பட்டுவிட்டது, கம்பைலர்கள்தான் வார்னிங்கோடு விட்டுவந்தன. ஜிசிசி 14 முதல் அது எர்ரர். "புது உபுண்டு போட்டதும் பழைய புரோகிராம் கம்பைல் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால், பழைய கம்பைலரைத் தேடாமல் அறிவிப்புகளை எழுதுங்கள். மாலாக்குக்கு உரிய ஹெடரை விட்டுவிட்டு 64 பிட்டில் ஓட்டினால் முகவரி பாதியாக வெட்டுப்படுவதும் இதே இனம்தான்.

## அறிகுறி: அசெம்பிளியில் எழுதியது, பிரிண்ட்எஃப்புக்குள் போய் விழுகிறது

64 பிட்டில் கால் செய்யும் நேரத்தில் ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் முனையைக் காட்டும் ரெஜிஸ்டர்) 16-ன் மடங்காக இருக்க வேண்டும். விழுந்த இடத்தில் மூவாப்ஸ் என்ற கட்டளை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், 8 பைட் தள்ளி நிற்கிறீர்கள். கால் செய்யும் முன் 8 கழித்து, பின் கூட்டுங்கள். லினக்ஸில் பிரிண்ட்எஃப்புக்கு முன் ஏஎல்லில் எத்தனை எக்ஸ்எம்எம் பயன்படுகிறது என்பதையும் வைக்க வேண்டும், தசம எண் இல்லை என்றால் 0. விண்டோஸில் 32 பைட் காலி இடம் விட வேண்டும்.

## அறிகுறி: டிஎல்எல்லைக் கூப்பிட்டால் மட்டும் விழுகிறது

எடைத் தராசு, பார்கோடு பிரிண்டர், கைரேகைக் கருவி. கருவியோடு ஒரு டிஎல்எல் வரும். கடையின் புரோகிராம் விஷுவல் பேசிக் 6-லோ பைதானிலோ இருக்கும். கடைக்காரர் முதலில் செய்வது விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்வது. அதில் டேட்டா போகும் ஆபத்துதான் மிச்சம், இந்தப் பிழை போகாது.

கூப்பிடும் முன்பே பிழை எண் 193 வந்தால்: 32 பிட் புரோகிராமில் 64 பிட் டிஎல்எல்லை ஏற்றப் பார்க்கிறீர்கள், அல்லது தலைகீழ். சரியான பிட் டிஎல்எல்லை வாங்குங்கள்.

விழாமல் தப்பான எடை வந்தால்: விஷுவல் பேசிக் 6-ல் டிக்ளேர் வரியைப் பாருங்கள். பைவால் என்று எழுதாவிட்டால் மதிப்புக்குப் பதில் முகவரி போகும். அதைத்தான் தராசின் டிஎல்எல் போர்ட் எண் என்று படித்துக்கொண்டிருக்கும். அடுத்தது இன்டிஜர். விபியில் அது 2 பைட். சி ஹெடரில் இன்ட் என்று இருந்தால் விபியில் லாங் போட வேண்டும்.

பிழை எண் 49 வந்தால், அல்லது விஷுவல் சி++ டீபக்கில் இஎஸ்பி (32 பிட்டில் ஸ்டாக்கின் முனையைக் காட்டும் ரெஜிஸ்டர்) சரியாகப் பாதுகாக்கப்படவில்லை என்ற செய்தி வந்தால்: 32 பிட்டில் ஏற்றிய ஆர்கியுமென்ட்டுகளை யார் இறக்குவது என்பதில் தகராறு. சிடெக்ல் முறையில் கூப்பிட்டவர் இறக்க வேண்டும், எஸ்டிடிகால் முறையில் கூப்பிடப்பட்டவர். இருவரும் இறக்கினாலும், இருவரும் இறக்காவிட்டாலும் ஸ்டாக் நகர்ந்துவிடும். ஆர்கியுமென்ட் எண்ணிக்கை தப்பானாலும் 49 வரும், அதை முதலில் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரி, டிஎல்எல் சிடெக்ல் என்றால் விபியின் டிக்ளேரால் நேரடியாகக் கூப்பிட முடியாது. நடுவில் எஸ்டிடிகால் பேசும் ஒரு சின்ன டிஎல்எல் எழுத வேண்டும். டிஎல்எல்லைக் கூப்பிட உதவும் பைதான் சிடைப்ஸில் வேலை சுலபம்: சிடிஎல்எல்லுக்குப் பதில் வின்டிஎல்எல், அல்லது மறுபுறம். 64 பிட் விண்டோஸில் இந்த இரண்டு முறைக்கும் வேறுபாடு இல்லை, அங்கே இந்தத் தகராறைத் தேடி நேரம் போக்காதீர்கள்.

64 பிட் பைதானில் மட்டும் விழுந்தால்: ரெஸ்டைப் (திரும்பி வரும் மதிப்பின் வகை) எழுதவில்லை. சொல்லாவிட்டால் திரும்பி வருவது இன்ட் என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். பாயிண்டரின் மேல்பாதி போய்விடும். ஆர்கியுமென்ட்டுகளின் வகையைச் சொல்லும் ஆர்க்டைப்ஸையும் கூடவே எழுதுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஹெடர் கோப்போ கையேடோ இல்லை, ஆர்கியுமென்ட் எத்தனை என்றே தெரியவில்லை என்றால் ஊகித்து ஓட்டாதீர்கள். கருவியை விற்றவர் வழியாக டிஎல்எல் எழுதியவரைப் பிடிப்பதே குறைந்த செலவு. அவர் கிடைக்காவிட்டால் டிஸ்அசெம்பிளி படிக்கத் தெரிந்தவர் வேண்டும், அது மணிக்கணக்கில் காசு. கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ ஓடும் ஆலையின் எடைப்பாலம், மருந்து கலக்கும் டோஸிங் கருவி போன்றவற்றோடு இணைந்த கணினி என்றால், மேலே சொன்ன எந்தச் சோதனையையும் அந்தக் கணினியில் செய்யவே கூடாது. தப்பான ஆர்கியுமென்ட் அங்கே போவது திரைக்கு அல்ல, வால்வுக்கு.

வருகிறவர் கையில் கொடுக்க வேண்டியவை: டிஎல்எல்லும் அதன் பதிப்பு எண்ணும், டிக்ளேர் வரிகள் அல்லது சிடைப்ஸ் கோப்பு, விண்டோஸ் எத்தனை பிட், பிழைச் செய்தியின் போட்டோ, அதோடு கடைசியாகச் சரியாக ஓடிய நாளுக்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்ற உண்மையான பதில். "ஒண்ணுமே மாத்தல சார்" என்பது அந்தப் பட்டியலில் சேராது.